பாவா ஆதம் மலைக்கு வந்தவர்களும் மலையடியில் இருந்தவர்களும்

எட்டாம் தர வகுப்பில் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மார்க்கோ போலோ, இப்னு பதூதா எனக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், இவுங்க மலையப் பத்தி எழுதியிருக்காங்கன்னு சொல்றீங்க. மலைக்கு நம்ம மஸ்கெலியா வழியாத்தானே போகணும். அப்போ நம்ம ஊரப் பத்தி என்னா எழுதியிருக்காங்க?"

வகுப்பறை யன்னலுக்கு வெளியே, முகில் விலகியிருந்த அந்தக் காலையில் மலையுச்சி தெளிவாகத் தெரிந்தது. "ஒன்றும் எழுதவில்லை" என்று சொல்லிவிட்டேன். அது உண்மைதான். ஆனால் அவளது முகம் வாடியதைப் பார்த்தபின், அந்த ஒற்றைச் சொல்லோடு பாடத்தை முடிப்பது நியாயமாகப் படவில்லை. அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதையே இங்கு எழுத முனைகிறேன்.

ஒரு சுவடு, பல பெயர்கள்

கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர் உயரமான இம்மலையை முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கிறோம். இந்துக்களுக்கு இது சிவனொளிபாத மலை. சிங்கள மக்களுக்கு ஸ்ரீபாத, சமனல கந்த. போர்த்துக்கேயர் வந்த பின்னர் கிறிஸ்தவர் சிலர் உச்சியிலுள்ள சுவட்டைப் புனித தோமையாருடையது என்றனர். ஒரே பாறைக் குழியை இத்தனை சமூகங்கள் தத்தமது நம்பிக்கையோடு பொருத்திக் கொண்டதும், நூற்றாண்டுகளாக ஒரே படிகளில் ஏறி இறங்கி வந்ததும் உலகில் அரிதான காரியங்கள்.

ஆதம் (அலை) அவர்கள் பூமியில் இறக்கப்பட்ட இடம் எதுவென்று திருக்குர்ஆன் கூறவில்லை. ஆயினும் தபரீ போன்ற ஆரம்பகால வரலாற்றாசிரியர்கள் தொகுத்த அறிவிப்புகளில் ஸரந்தீபின் பெயர் இடம்பெறுகிறது. அதற்கும் முன்னர், கி.பி. 851இல் எழுந்ததும் சுலைமான் எனும் வணிகரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவதுமான அரபுப் பயணக் குறிப்பு, ருஹூன் என்றொரு மலையையும் அதன் உச்சியிலுள்ள ஆதமின் சுவட்டையும் குறிப்பிடுகிறது. சீனக் கடலுக்குச் சென்ற அரபு மாலுமிகளுக்கு இது கடலில் வழிகாட்டிய மலை. கரையில் இறங்கிய பின்னர் தரிசிக்க விரும்பிய மலையும் அதுவே.

உள்நாட்டுச் சான்றுகளும் நம் அருகிலேயே கிடைக்கின்றன. நீண்ட காலமாக எமது நிர்வாகப் பிரிவுக்குப் பெயராக இருந்த அம்பகமுவவில், பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னனின் பாறைக் கல்வெட்டு ஒன்றுண்டு. மலைக்கு வரும் யாத்திரிகர்களுக்கு உணவளிக்க கிலிமலை எனும் கிராமத்தை மன்னன் தானமாக்கியதை அது கூறுகிறது. அதே கல்வெட்டு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறது. தாழ்ந்த குலத்தார் எனக் கருதப்பட்டோர் வழிபடுவதற்காக உச்சி முற்றத்துக்குக் கீழே தனியாக ஒரு முற்றம் அமைக்கப்பட்டதாம். மலைக்குப் போக எல்லோருக்கும் வழி இருந்தது. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. இந்த வரலாற்றை வாசிக்கும்போது இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்னு பதூதாவின் ஏற்றம்

இப்னு பதூதா இலங்கைக்கு வந்தது 1344ஆம் ஆண்டில். மாலைதீவில் காழியாகக் கடமையாற்றிவிட்டு மஃபருக்கு, அதாவது சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டவரின் கப்பல் காற்றில் வழி தவறியது. ஒன்பதாம் நாள் தூரத்தில் புகைத் தூண் போல ஸரந்தீப் மலை தெரிந்ததாக அவர் சொல்கிறார். அவர் கரையிறங்கிய பத்தாலா என்ற துறையை ஆய்வாளர்கள் புத்தளம் என்பர். அங்கே அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவர்; முத்துக் குளிப்பால் செல்வம் பெற்றவர். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதன்றி வேறு விருப்பமில்லை என்றார் விருந்தாளி.

மன்னர் பல்லக்குத் தந்தார். துணைக்கு ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், மன்னரின் ஆட்கள் பத்துப்பேர், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேர். கூட்டிப் பார்த்தால் முப்பத்திரண்டு பேர். பல்லக்குத் தூக்கியவர்கள் இக்கணக்கில் சேரவில்லை. ஒரு முஸ்லிம் யாத்திரிகரை அவரது புனித இடத்துக்கு யோகிகளும் பிராமணர்களும் வழிகாட்டி அழைத்துச் சென்ற இக்காட்சியை இன்றைய சூழலில் நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

பயணத்தில் அவர் கண்ட இயற்கை இன்றும் நமக்குப் பழக்கமானதே. நீரருகே செடிகளிலும் புற்களிலுமிருந்து மனிதர் மீது பாயும் அட்டையைப் பற்றி எழுதுகிறார். எலுமிச்சஞ் சாறு பிழிந்து அதனை விழுத்தும் முறையையும் சொல்கிறார். மழை நாளில் கொழுந்து மலைக்கு ஏறும் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் அட்டைக்கு ஒரு கை மருந்து சொல்வாள். எலுமிச்சைக்குப் பதில் சவர்க்காரமோ உப்போ இருக்கும், அவ்வளவுதான். உள்ளங்கை அளவான செந்நிறப் பூக்கள் மலையில் இருந்ததாகவும், அவற்றில் இறைநாமம் எழுதப்பட்டிருப்பதாக மக்கள் நம்பியதாகவும் கூறுகிறார். மலைச்சரிவில் கொத்துக் கொத்தாய்ச் சிவந்து பூக்கும் ரோடோடென்ட்ரன் மரத்தையே அவர் கண்டிருப்பார் என்பது எனது எண்ணம்.

உச்சிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி, ஆதமும் ஹவ்வாவும். மாமா வழி இலகுவானது. அதனால் ஏறியவனை மலைக்கு ஏறியவனாகவே மக்கள் கருதுவதில்லையாம். பாபா வழியில் பாறையில் முளையடித்துச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தனர். பத்தாவது சங்கிலிக்கு ஷஹாதாச் சங்கிலி என்று பெயர். அதனைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் கலிமாவை மொழிவதால் அப்பெயர் வந்ததாம். மேலே ஏறியபின் முகில் கூட்டம் தமக்குக் கீழே கிடந்து மலையடியை மறைத்ததையும் அவர் குறித்துள்ளார்.

முகில் மறைத்த அந்த மலையடியில்தான் நமது மாணவியின் கேள்வி நிற்கிறது.

ஊர் திரும்பிய இப்னு பதூதா சொல்லச் சொல்ல எழுதி 1355இல் நிறைவு செய்யப்பட்ட 'ரிஹ்லா'வில் மன்னரின் பெயருண்டு. மலைக்கு முஸ்லிம்களின் வழியைத் திறந்தவரெனப் போற்றப்படும் ஷீராஸ் நகரத்து ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃபின் பெயருண்டு. அவருக்காகவே இந்நாட்டு மக்கள் முஸ்லிம் பக்கீர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்து உணவளித்தனர் என்ற நன்றியும் உண்டு. சுமை தூக்கிய பதினைந்து பேரின் எண்ணிக்கை மட்டுமே உண்டு. அவரைக் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. எண்ணிக்கையையாவது அவர் எழுதினார். பின்னால் வந்த பலர் அதுகூடச் செய்யவில்லை.

காடு தோட்டமான கதை

அக்காலத்தில் மஸ்கெலியா என்றொரு பட்டினம் இல்லை. மலையைச் சுற்றி இருந்தது அடர்ந்த காடு. 1817இல் ஜோன் டேவி எனும் ஆங்கிலேய மருத்துவர் ஏறியபோதும் நிலைமை அதுவே. மலைக்குப் பெருவழி அந்நாளில் இரத்தினபுரிப் பக்கமே.

எமது பள்ளத்தாக்கின் கதை கோப்பியோடு தொடங்குகிறது. 1860களிலும் 1870களிலும் திம்புள்ளை, டிக்கோயா, மஸ்கெலியா எனக் காடுகள் வரிசையாக வெட்டி எரிக்கப்பட்டன. 1870இல் அரசாங்க அச்சகர் வில்லியம் ஸ்கீன் இம்மலையைப் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டார். அதே ஆண்டுகளில் அதே மலையின் அடிவாரக் காட்டைக் கோடரியால் வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த எம்மூர் மக்களின் மூதாதையர். தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி, மாத்தளை வரை வனாந்தர வழியே நடந்து வந்தவர்கள். வழியில் கொலராவாலும் பட்டினியாலும் இறந்தோர் அநேகர்.

1869இல் கோப்பி இலைகளில் செந்துரு நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து, அதனிடத்தில் தேயிலை வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நாட்டிய தேயிலையே இதற்கு வித்து. மஸ்கெலியாவில் மொக்கா என்றொரு தோட்டம் இன்றுமிருக்கிறது. மொக்கா என்பது யெமன் நாட்டின் அல்முகா துறைமுகம். உலகுக்குக் கோப்பி ஏற்றிய துறை. கோப்பிச் செடி மறைந்து நூற்றாண்டுக்கு மேலாகியும் ஓர் அரபுத் துறைமுகத்தின் பெயர் எமது மலையில் தேயிலைக்கு நடுவே தங்கிவிட்டது.

1884இல் புகையிரதம் ஹட்டனை அடைந்தது. மலை யாத்திரையின் திசையும் அதனோடு மாறியது. ஹட்டனில் இறங்கி, மஸ்கெலியா கடந்து, நல்லதண்ணியிலிருந்து ஏறும் வழியே பெரும்பாலோரின் வழியாயிற்று. மாணவி சொன்ன 'நம்ம மஸ்கெலியா வழி' அவ்வாறு உண்டானதுதான். தோட்டமும் ரயிலும் அமைத்த வழி அது. அவ்வழியோரமாகவே கடைத்தெரு வளர்ந்தது. கங்காணிமாரும் தொழிலாளரும் அரிசி, கருவாடு, சேலை, கம்பளி வாங்க வந்தனர். தமிழகத்திலிருந்தும் இலங்கையின் கரையோரங்களிலிருந்தும் முஸ்லிம் வியாபாரிகள் வந்து கடை திறந்தனர். எமது பட்டினத்தின் முஸ்லிம் குடும்பங்களின் கதை அந்தக் கடைகளின் கணக்குப் புத்தகங்களில் தொடங்குகிறது.

நீருக்கடியில் ஒரு பட்டினம்

இன்று மஸ்கெலியாவுக்கு வரும் உல்லாசப் பயணி முதலில் நிழற்படம் எடுப்பது மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தை. மலைகளுக்கு நடுவே சலனமற்ற நீர், கரையில் தேயிலை, தூரத்தில் பாவா ஆதம் மலை. "என்ன அமைதி!" என்று அவர்கள் வியப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த அமைதிக்குக் கீழே ஒரு பட்டினம் கிடக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மஸ்கெலி ஓயாவை மறித்து மின்சாரத்துக்காக அணை கட்டப்பட்டபோது, 1969இல் பழைய மஸ்கெலியா நீரில் மூழ்கியது. கடைகளும் வீடுகளும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒருங்கே நீருக்குள் போயின. மக்கள் மேட்டில் அமைந்த புதிய பட்டினத்துக்கு நகர்ந்தனர். அங்கிருந்து பெறப்பட்ட மின்சாரம் தூர நகரங்களுக்குச் சென்றது; தோட்டத்து லயங்கள் பலவற்றில் அதன்பின்னும் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது.

கடும் வறட்சி வரும் ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்க, அந்த வழிபாட்டிடங்களின் எச்சங்கள் சேற்றிலிருந்து தலைகாட்டும். அப்போது ஊரே கரைக்கு இறங்கிவிடும். முதியவர்கள் வெடித்த சேற்றில் நடந்து, "இதுதான் கடைவீதி, இங்கதான் எங்க வாப்பாவின் கடை" எனக் கைநீட்டிக் காட்டுவர். பேரப்பிள்ளைகள் கோயில் தூணைத் தொட்டுப் பார்ப்பர். மழை வந்ததும் எல்லாம் மறையும். நான் ஒருமுறை மாணவர்களை அழைத்துச் சென்றபோது, எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் பள்ளிவாசலின் திசையில் நின்று நெடுநேரம் பேசாமல் இருந்தார். "இங்கதான் ஓதப் பழகினேன் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

நீர் எழும்புமுன்னரே இன்னொரு வெள்ளம் மக்களைப் பிரித்திருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மனிதரைக் கூறு போட்டது. ஹட்டன் நிலையத்திலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. யாத்திரிகரை மகிழ்ச்சியோடு இறக்கிவிட்ட அதே மேடைதான். எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினை 2003இல் நிறைவேறிய சட்டத்தோடுதான் பெருமளவில் தீர்ந்தது.

மலை நாடி வராதவர்கள்

மலைக்கு வந்தவர்களின் கதையில் ஒரு கூட்டத்தாரை எவரும் சேர்ப்பதில்லை. அவர்கள் இம்மலையைத் தேடி வந்தவர்களும் அல்லர்.

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த விமானமொன்று, மஸ்கெலியாவுக்கு அப்பால் ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதிச் சிதறியது. ஹஜ் யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேருமாக 191 பேரும் இறந்தனர். இலங்கை மண்ணில் நேர்ந்த மிகப்பெரிய விமான விபத்து இதுவே. விமானம் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியமையே காரணமென விசாரணையில் முடிவாயிற்று. நோட்டன் பிரிட்ஜில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் ஒன்றுண்டு.

அந்தக் குளிரிரவில் மலையடி லயங்களில் உறங்கியோர் ஓசை கேட்டு எழுந்ததை எம்மூர் முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். மக்காவுக்கென வீட்டில் விடைபெற்று வந்தவர்கள் ஆதமின் மலைக்கு எதிரிலுள்ள மலையில் உயிர்நீத்தார்கள். இப்னு பதூதாவின் கப்பலும் வழி தவறித்தான் இக்கரைக்கு வந்தது. அவர் மலையிறங்கித் திரும்பிப் போய்க் கதை சொன்னார். இவர்களின் கதையைச் சொல்ல அயலில் இருந்த நாமே உள்ளோம். நாமும் சொல்லாவிட்டால் நினைவுச் சின்னம் வெறுங் கல்லாகிவிடும்.

பயிற்சிக் கொப்பியில் ஒரு வரலாறு

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை யாத்திரைக் காலம். இரவிரவாக மின்விளக்குகள் மலைப்படியை ஒரு மாலையாகக் காட்டும். முதன்முறை ஏறுவோர் இந்திகட்டுபானவில் ஊசி நூல் கட்டிச் செல்வர். உச்சியில் எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை முறை மணியடிப்பர். விடியலில் மலையின் முக்கோண நிழல் மேற்கே விழுவதைப் பார்க்க அயல்நாட்டவரும் குளிரில் நடுங்கியபடி நிற்பர். 2010இல் யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது இம்மலையைச் சூழ்ந்த வனமும் அதில் அடங்கியது. அமைதியையும் இயற்கையையும் தேடி மேலும் பலர் வரத் தொடங்கியுள்ளனர்.

வரட்டும். விருந்தாளியை வரவேற்பது இந்த மலையின் பழைய வழக்கம். முதலாம் விஜயபாகுவும் ஆரியச் சக்கரவர்த்தியும் அதைச் செய்தார்கள். ஆனால் வருபவர் எழுதுவதே எமது வரலாறு என்று இருந்துவிட்டால், முகிலுக்கு மேலே தெரிந்தது மட்டுமே அதில் இருக்கும். காட்டை வெட்டியவர், கொழுந்து பறித்தவர், கடை வைத்தவர், அணைக்காக வீட்டை விட்டவர், கோச்சியேறிப் போனவர் எல்லோரும் முகிலுக்குக் கீழேயே நின்றுவிடுவார்கள். 2023இல் மலையகம் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். மூதாதையர் நடந்த வழியைத் தம் காலாலேயே அளந்து பார்த்த அந்த நடையும் ஒரு வரலாற்று எழுத்துத்தான்.

அந்த வகுப்புக்கு மறுவாரம் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவரிடம் பழைய மஸ்கெலியாவைப் பற்றிக் கேட்டு, தெரு, கடை, மரம், கிணறு எதுவானாலும் சொன்னபடியே எழுதி வரவேண்டும். கேள்வி கேட்ட மாணவி இரண்டு பக்கம் எழுதி வந்தாள். அவளது பாட்டனார் தேர்ச் சில்லுக்குக் கட்டை போட்டது, பக்கத்துக் கடை முதலாளி நோன்புக் கஞ்சியை வாளியில் கொடுத்தனுப்பியது, தண்ணீர் ஏற ஏற நாய்கள் மட்டும் மேட்டுக்கு வர மறுத்து நின்றது. பிழை திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்தவன் மூடி வைத்துவிட்டேன்.

இப்போது நாற்பது கொப்பிகள் பாடசாலை அலுமாரியில் இருக்கின்றன. அடுத்த வறட்சியில் நீர் இறங்கும்போது அவற்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு கரைக்குப் போக எண்ணியிருக்கிறேன். எழுதியதையும் நிலத்தையும் ஒப்பிட்டு ஒரு வரைபடம் கீற வேண்டும். கடைவீதியைக் கைநீட்டிக் காட்டும் முதியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.